பர்கர் கடையில் காசு வீணாகாமல் சாப்பிட: தட்டு வருவதிலிருந்து பில் கட்டுவது வரை

வாசலில் வரிசை, உள்ளே நியான் எழுத்து, சுவரோரம் செல்ஃபி எடுக்க ஓர் ஊஞ்சல். நானூறு ரூபாய் பர்கரை இரண்டு கடி கடித்ததும் "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று தோன்றுகிறது. இந்த எரிச்சலுக்குப் பின்னால் இருக்கும் சமையலறைத் தவறுகள் மிகச் சில. எது நடந்தது என்று தட்டைப் பார்த்தே சொல்ல முடிந்தால், சிலவற்றை அங்கேயே மாற்றி வாங்கலாம், சிலவற்றை ஆர்டர் கொடுக்கும்போதே தவிர்க்கலாம். சென்னையிலும் கோவையிலும் கடந்த சில ஆண்டுகளில் முளைத்த பர்கர் கடைகளை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் ஒரு சொல் சங்கடம். பன்னுக்கு நடுவில் வைக்கும் வட்டமான கறித் துண்டைப் 'பாட்டி' என்று எழுதினால் வீட்டுப் பெரியவர் வந்து நிற்பார், 'பேட்டி' என்று எழுதினால் நேர்காணல் ஆகிவிடும். வேறு வழியில்லை, இங்கே பேட்டி என்றே போகலாம்.

கிளம்புவதற்கு முன்

பர்கர், தம்மில் கிடந்து ருசி ஏறுகிற பிரியாணி இல்லை. தோசை ஜாதி. கல்லை விட்டு எடுத்த முதல் ஐந்து நிமிடம்தான் அதற்கு நல்ல நேரம். பத்து நிமிடம் தாண்டினால் சாஸும் சாறும் கீழ்ப் பன்னில் இறங்கிவிடும், சூட்டில் எழும் ஆவி பொரித்த கோழியின் மேலோட்டை நமுத்துப்போக வைக்கும், சீஸ் இறுகும். ஆகவே எந்தக் கடைக்குப் போகிறோம் என்பதைப் போலவே எந்த நேரத்தில் போகிறோம் என்பதும் முக்கியம்.

சனி, ஞாயிறு இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை மோசமான நேரம். உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கும் செயலி வழியாக ஆர்டர் செய்பவர்களுக்கும் ஒரே கல், ஒரே எண்ணெய்ச் சட்டி. உள்ளே நுழைந்ததும் கவுன்டர் பக்கம் ஹெல்மெட்டோடு நிற்கும் டெலிவரிக்காரர்களை எண்ணிப் பாருங்கள். ஏழெட்டுப் பேர் நின்றால் கல் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். குளிர்ந்த பேட்டிகளை நெருக்கி அடுக்கினால் கல்லின் சூடு இறங்கிவிடும். கறி விடும் நீர் ஆவியாகிப் போவதற்குள் அந்த நீரிலேயே கறி வேகும். முறுகல் வராது. காயாத கல்லில் ஊற்றிய தோசை எப்படியோ அப்படித்தான். வார நாளில் பகல் பன்னிரண்டரை, அல்லது மாலை ஆறரை என்றால் அதே கடையில் அதே ஆள் போடும் பர்கர் வேறு மாதிரி இருக்கும்.

இணையத்தில் படம் பார்க்கும்போது கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிடுங்கள். சாப்பிட்டவர்கள் எடுத்த படங்களில், புதியவை முதலில் வரும்படி மாற்றி, பாதியாக வெட்டிய பர்கரைத் தேடுங்கள். முழு பர்கரின் மேல்புறம் எதையும் சொல்லாது. வெட்டிய பக்கத்தில்தான் பேட்டியின் தடிமன், கறியின் நிறம், கீழ்ப் பன் நனைந்திருக்கிறதா என்பதெல்லாம் தெரியும்.

மெனுவில் நாற்பது வகை பர்கர் இருந்தால் உண்மையில் நான்கு பேட்டியும் பத்து சாஸும்தான் இருக்கும். எட்டுப் பத்து வகையோடு நிறுத்திக்கொண்ட கடையில் ஒவ்வொன்றும் அடிக்கடி விற்பதால் சரக்கு தேங்காது.

விலையை ஏற்றும் சொற்கள்

டிரஃபிள் என்று எழுதியிருந்தால் அது அநேகமாக டிரஃபிள் எண்ணெய். கடைகளில் புழங்கும் அந்த எண்ணெயில் பெரும்பகுதிக்கு மணம் தருவது ஆய்வகத்தில் செய்த வாசனைப் பொருள், மண்ணுக்குள் விளையும் நிஜ டிரஃபிள் காளான் அல்ல. இரண்டு சொட்டு கூடினால் கேஸ் கசிகிற மாதிரி இருக்கும். வாக்யு என்ற ஜப்பானிய மாட்டுக் கறியின் பெருமையே தசைக்குள் இழை இழையாக ஓடும் கொழுப்புதான். கொத்துக்கறியாக அரைத்த பிறகு அந்த இழை எங்கே? அதற்கு இரட்டை விலை கொடுப்பது பட்டுப் புடவையைக் கத்தரித்துத் தலையணைக்குள் திணிக்கிற வேலை.

கறுப்புப் பன் வெறும் நிறம்தான். அதில் ஆக்டிவேட்டட் கரி சேர்த்திருந்தால், தினமும் மாத்திரை போடுபவர்கள் தவிர்ப்பது நல்லது. கரி மருந்தைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும் தன்மை உள்ளது. சீஸை மேலிருந்து ஊற்றிக் குளிப்பாட்டும் பர்கர் வீடியோவுக்கு நன்றாக இருக்கும். மேசையில் மூன்றாவது நிமிடம் அந்த சீஸ் தோலாகிவிடும், பிறகு கையால் எடுக்கவும் வழியில்லை.

ஆர்டர் கொடுக்கும்போது கேட்க வேண்டியவை

கோழி என்றால் நெஞ்சுக்கறியா தொடைக்கறியா என்று கேளுங்கள். தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதல், ஓரிரு நிமிடம் அதிகமாக வெந்தாலும் தாங்கும். நெஞ்சுக்கறிக்கு அந்தப் பொறுமை கிடையாது. உப்பு நீரிலோ மோரிலோ சில மணி நேரமாவது ஊறாத நெஞ்சுக்கறி பஞ்சு மாதிரிதான் வரும். தேர்வு இருந்தால் தொடை.

பேட்டி இங்கேயே தட்டுவதா, உறைந்த வட்டாக வருவதா? உறைந்தது என்றாலே மோசம் என்று இல்லை, ஆனால் அதற்கு 'ஸ்மாஷ்' (கறி உருண்டையைச் சூடான கல்லில் அமுக்கி மெலிதாக்கிச் சுடுவது) என்று பெயர் சூட்டிக் கூடுதல் விலை வாங்கினால் அது ஏமாற்று. பதில் சொல்லத் தயங்கினால் கோழிக்கு மாறிவிடுங்கள்.

மயோனைஸில் முட்டை உண்டா என்பதையும் கேளுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியில் தடை செய்தது. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதே தடையைக் கொண்டுவந்தது. காரணம் சால்மோனெல்லா கிருமி. வெயில் ஊரில், மூடாத பாட்டிலில், சமையலறைச் சூட்டிலேயே நாள் முழுக்க நிற்கும் மயோனைஸ் அதற்கு நல்ல வீடு. முட்டை சேர்க்காதது, அல்லது பாஸ்டரைஸ் செய்த முட்டையில் ஆனது என்று தெளிவாகப் பதில் வந்தால் சரி. "தெரியல சார்" என்றால் மயோனைஸ் இல்லாமல் கேளுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: உருளை வறுவலும் காய்கறி பேட்டியும் கோழி பொரிக்கும் அதே எண்ணெயிலா? மெனுவில் பச்சைப் புள்ளி இருப்பதால் சட்டியும் தனி என்று எடுத்துக்கொள்ள முடியாது. சின்னக் கடைகளில் ஒரே சட்டிதான் இருக்கும்.

பீஃப் பற்றி ஒரு வார்த்தை. பர்கருக்கு உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு 80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு. நம்மூரில் பல கடைகளில் பீஃப் என்று வருவது எருமைக் கறி, அதில் கொழுப்பு குறைவு. தனியாகக் கொழுப்போ வெண்ணெயோ சேர்த்து அரைக்காவிட்டால் தடிமனான பேட்டி நடுவில் வறண்டுபோகும். இங்கே ஒற்றைத் தடி பேட்டியைவிட மெல்லிய இரண்டு பேட்டி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்பது சின்ன விஷயம்தான், ஆனால் பன் நனைவதைப் பாதி தடுத்துவிடும். உருளை வறுவலை பர்கரோடு சேர்த்தே கொண்டுவரச் சொல்லுங்கள். முன்னால் வந்தால் பர்கர் வருவதற்குள் வறுவல் தளர்ந்துவிடும்.

தட்டு வந்ததும் முதல் ஒரு நிமிடம்

படம் எடுப்பதென்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். பிறகு மூன்று சோதனை.

உயரம் முதலில். தாடை சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதாவது நான்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டர். அதே மூன்று விரலை பர்கரின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மடங்கு உயரம் இருந்தால் அது கடித்துச் சாப்பிடச் செய்ததே அல்ல. குச்சியை உருவிவிட்டு, மேல் பன்னை உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். அப்போதும் அடங்காவிட்டால் கூச்சப்படாமல் இரண்டாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். கத்தியால் அறுக்கப்போனால் உள்ளே இருப்பதெல்லாம் பின்பக்கமாகப் பிதுங்கி வெளியே வரும்.

அடுத்து மேல் பன்னைத் தூக்கி அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெண்ணெய் தடவி ஒரு நிமிடமாவது கல்லில் போட்டு எடுத்திருந்தால் பொன்னிறமாக, தொட்டால் சற்றுக் கரகரப்பாக இருக்கும். அந்த மெல்லிய ஓடுதான் சாறு உள்ளே இறங்காமல் தடுக்கும் அணை. வெள்ளையாக, மெத்தென்று இருந்தால் பன் கல்லையே பார்க்கவில்லை. முட்டையும் வெண்ணெயும் அதிகமுள்ள பிரியோஷ் வகைப் பன் இப்படி வந்தால் நான்காவது கடியில் கூழாகிவிடும். இரண்டு நிமிட வேலைதான், பன்னை மட்டும் மாற்றித் தரச் சொன்னால் எந்த நல்ல கடையும் மறுக்காது.

மூன்றாவது, கறியை ஓரத்தில் பிய்த்துப் பார்ப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கறி என்ன சொல்கிறது

நிஜ ஸ்மாஷ் பேட்டி இப்படி வரும்: 70 முதல் 80 கிராம் கொத்துக்கறியை இறுக்காமல் உருட்டி, 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, போட்ட அரை நிமிடத்துக்குள் கனமான தகட்டால் ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். அப்போது கொழுப்பு இன்னும் உருகியிருக்காது, அதனால் சாறு வெளியேறாது. ஒன்றரை நிமிடம் கழித்து, கல்லில் ஒட்டிய பழுப்பு முறுகலைச் சுரண்டி எடுத்துத் திருப்பி, மேலே சீஸ் வைத்து, இன்னும் அரை நிமிடம். ஓரம் நெய் ரோஸ்ட்டின் விளிம்பு மாதிரி கிழிந்து, மெலிந்து, கறுத்துப் பழுத்திருக்கும். உங்கள் தட்டில் உள்ள பேட்டி காம்பஸ் வைத்து வரைந்த வட்டமாக, எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருந்தால் அது பெட்டியிலிருந்து வந்தது.

திருப்பிப் போட்ட பிறகு சட்டுவத்தால் அமுக்குவது இன்னொரு வியாதி. 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்க ஆசையாக இருக்கும். அந்தச் சத்தம் உங்கள் பேட்டியின் சாறு கல்லில் கொட்டுகிற சத்தம். திறந்த சமையலறையில் இதைப் பார்த்தால் வறண்ட பர்கருக்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

பேட்டி ரப்பர் மாதிரித் துள்ளுகிறதா, கடித்தால் சாசேஜ் போல இழுபடுகிறதா? அரைக்கும்போதே உப்பைக் கலந்துவிட்டார்கள். உப்பு கறியின் புரதத்தைக் கரைத்து, பசை மாதிரி ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பர்கருக்கு உப்பு கல்லில் போடும் நேரத்தில் மேலே தூவப்பட வேண்டும். நம்மூரில் மட்டன் கோலா உருண்டைக்குப் பழகிய கை, இஞ்சி பூண்டு விழுது, வெங்காயம், பொட்டுக்கடலை மாவு எல்லாம் சேர்த்துப் பிசைந்துவிடும். அது தனியாக நல்ல பண்டம்தான். பன்னுக்கு நடுவில் வைத்தால் பர்கர் ஆகாது.

தடிமனான பீஃப் பேட்டி நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தால் அது நாகரிகம் என்று பரிமாறுபவர் சொல்லக்கூடும். அரைக்காமல் முழுத் துண்டாகச் சுடும் ஸ்டேக் என்றால் சரி, அதில் கிருமி வெளிப்புறத்தில் மட்டும் இருக்கும், சூட்டில் செத்துவிடும். கொத்துக்கறியில் வெளிப்புறம் எல்லாம் அரைபட்டு நடுவுக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு சரியாக வேகாத ஹாம்பர்கரில் இருந்த ஈ.கோலை கிருமியால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அங்கே இன்றும் கொத்துக்கறிக்குச் சொல்லும் அளவு உள்ளே 71 டிகிரி. கறி எங்கே, எப்போது அரைத்தது என்று தெரியாத கடையில் சிவப்பு நடுப்பகுதியை ஏற்காதீர்கள்.

இனி கோழி. இங்கே விற்கும் பர்கர்களில் அதிகம் கோழிதான், அதிகம் கெடுவதும் அதுதான். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டிய துண்டு, 170 முதல் 175 டிகிரி எண்ணெயில் ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். உள்ளே 74 டிகிரி எட்ட வேண்டும். பெரிதாகக் காட்ட வேண்டும் என்று மூன்று சென்டிமீட்டர் தடியாகவே போட்டு, அவசரத்துக்கு எண்ணெயை அதிகம் காயவைத்தால், மேலே செம்பழுப்பு வந்துவிடும், உள்ளே வெந்திருக்காது. பாதி உறைந்த துண்டை அப்படியே போட்டாலும் இதே கதைதான்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். தொடைக்கறி நன்றாக வெந்த பிறகும் லேசாகச் சிவந்திருக்கலாம். தொட்டுப் பாருங்கள். வெந்த கோழி ஒளி ஊடுருவாத வெள்ளையாக, இழை இழையாகப் பிரியும். வேகாதது கண்ணாடி மாதிரி மினுங்கும், ஜெல்லியாக வழுக்கும், பிய்த்தால் பிரியாமல் இழுபடும். அப்படி இருந்தால் வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு உடனே கூப்பிடுங்கள். அதே துண்டை மைக்ரோவேவில் வைத்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடு சீராகப் பரவாது, பன்னும் தோலாகிவிடும். புதிதாகப் பொரித்ததுதான் வேண்டும்.

மேலோடு ஒரு கடியில் முழுச் சட்டையாகக் கழன்று வருகிறதா? ஈரமான கறியில் மாவு பிடித்து, பத்து நிமிடம்கூட ஊறவிடாமல் எண்ணெயில் போட்டிருக்கிறார்கள். உள்ளிருந்து வந்த ஆவி மாவைத் தள்ளிவிட்டது. ருசிக்குக் கேடு, உடம்புக்கு அல்ல. திருப்பி அனுப்பும் அளவுக்கு இது பெரிய குற்றம் இல்லை.

எண்ணெய் விஷயம் வேறு. மேலோடு கருஞ்சிவப்பாக, பெயின்ட் வாடையோ மீன் வாடையோ அடித்து, நாக்கில் வழவழப்பாகப் படிந்தால் அது பல நாள் எண்ணெய். திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் (துருவச் சேர்மங்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி, 2018 ஜூலையிலிருந்து அமலில் உள்ளது. அளக்கும் கருவி உங்களிடம் இருக்காது, மூக்கு போதும். இதில் துண்டை மாற்றி வாங்கிப் பயனில்லை, அடுத்ததும் அதே சட்டியிலிருந்துதான் வரும். பொரித்ததை விட்டுவிட்டுக் கல்லில் வாட்டியதாக மாற்றிக் கேளுங்கள், அல்லது பில்லிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

வறுவல் பற்றிச் சுருக்கமாக. வெளியே கருத்து, உள்ளே துவண்டு, லேசாக இனித்தால் அது உருளையின் கோளாறு. குளிர்பதனக் கிடங்கில் கிடந்த உருளையில் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும், மொறுமொறுப்பு வருவதற்குள் கருகிவிடும். 'வீட்டு முறையில் வெட்டிய உருளை' என்று பெருமையாக எழுதும் கடைகளில் இது அதிகம். வெறுமனே ஆறிப்போய் வந்திருந்தால் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். உப்பில்லாமல் கேட்டால் புதிதாகப் பொரித்தே ஆக வேண்டும் என்று ஒரு தந்திரம் சொல்வார்கள். வேலை செய்யும்தான், ஆனால் நேராகக் கேட்பதில் என்ன கூச்சம்?

எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது

இரண்டாவது கடிக்குள் சொல்லிவிடுங்கள். முக்கால்வாசி தின்றுவிட்டு "நல்லா இல்ல" என்றால் எந்த மேலாளரும் நம்ப மாட்டார், அவர் பக்கமும் நியாயம் உண்டு.

முதலில் உங்கள் மேசைக்குப் பரிமாறியவரிடம். இந்தக் கடைகளில் பரிமாறுபவர்கள் பலர் வடகிழக்கிலிருந்தோ வட மாநிலங்களிலிருந்தோ வந்தவர்கள், நீளமான விளக்கம் இரு பக்கமும் சிக்கலாகும். பன்னைத் திறந்து, விரலால் சுட்டிக் காட்டுங்கள். தமிழ் தெரிந்தவர் என்றால் இவ்வளவு போதும்: "தம்பி, இந்தப் பீஸ் உள்ள வேகல, பாருங்க. புதுசா போட்டுக் குடுக்கச் சொல்லுங்க." என்ன கோளாறு, என்ன வேண்டும், இரண்டும் அதில் இருக்கிறது. "டேஸ்டே இல்ல", "ரீல்ஸ்ல பார்த்த மாதிரி இல்ல" போன்றவற்றுக்குச் சமையலறையில் யாரும் எதுவும் செய்ய முடியாது.

அவரால் முடிவெடுக்க முடியாவிட்டால் மேலாளரை வரச் சொல்லுங்கள். தட்டை அப்படியே வைத்திருங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகாத கறி, முடி, பூச்சி, ஊசிப்போன வாடை என்றால் புதிதாகத் தருவதோ அந்த அயிட்டத்தை பில்லிலிருந்து எடுப்பதோ கடையின் கடமை. காரம் கூடிவிட்டது, பன் இனிக்கிறது என்பவை உங்கள் விருப்பம் சார்ந்தவை. கேட்டுப் பார்க்கலாம், மறுத்தால் கோபப்பட ஒன்றுமில்லை. "ஒரு ஸ்டார் போட்டுடுவேன்" என்று எடுத்த எடுப்பில் மிரட்டினால் பேச்சு அங்கேயே கெட்டுவிடும்.

மாற்றித் தந்த பர்கர் வரும்போது கூட இருப்பவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அதற்குப் பதில் தொகையைக் கழிக்கச் சொல்வதும் சரியான கோரிக்கைதான். இலவச பிரவுனி கொண்டுவந்து வைத்து பர்கருக்கு முழுக் காசும் வாங்குவது பழைய வித்தை. பிரவுனி வேண்டாம், பர்கரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லலாம்.

பில்

இரண்டு பர்கர் 840, வறுவல் 180, குளிர்பானம் 160, மொத்தம் 1,180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் போட்டால் 118 சேர்ந்து 1,298. அதன் மேல் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. 64.90. கையிலிருந்து போவது 1,362.90. சேவைக் கட்டணம் இல்லாவிட்டால் வரி 59, மொத்தம் 1,239. கட்டணத்தின் மேலும் வரி ஏறுவதால் வித்தியாசம் 118 அல்ல, 123.90.

இந்தக் கட்டணம் கட்டாயம் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்கிறது. உணவகச் சங்கங்கள் எதிர்த்துப் போட்ட வழக்கை தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தது. "சர்வீஸ் சார்ஜ் எடுத்துட்டு வேற பில் குடுங்க" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த நிமிடமே புது பில் வரும். பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் சண்டை போடவும் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் பலர் கொதிப்பார்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல்களும் உணவகங்களும் அப்படி வாங்குவது தவறல்ல என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. பாட்டில் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் கொடுங்கள் என்று முதலிலேயே சொல்வதுதான் வழி.

பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஜனவரி முதல் அது கட்டாயம். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் கடையின் பெயரைவிட அந்த எண்தான் வேலைக்கு ஆகும்.

வீட்டுக்கு வந்தபின் வயிறு பேசினால்

கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே குமட்டலும் வாந்தியும் வந்தால், வெளியே கிடந்த உணவில் ஸ்டஃபைலோகாக்கஸ் உண்டாக்கிய நஞ்சாக இருக்கலாம். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரை எடுத்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை பர்கருக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் வரக்கூடும். காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைதல் இருந்தாலோ, குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவச் சீட்டு, பில், தட்டின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்தால் அவர்கள் கடையைச் சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம். உங்கள் பணத்தை வாங்கித் தருவது அவர்கள் வேலை அல்ல. பணத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நானூறு ரூபாய் பர்கருக்கு அவ்வளவு தூரம் போவது அலைச்சல்தான். மருத்துவமனைச் செலவு ஆகியிருந்தால் கதை வேறு.

விமர்சனம் எழுதுவதானால் தேதி, நேரம், என்ன ஆர்டர் செய்தீர்கள், எவ்வளவு நேரத்தில் வந்தது, எதில் கோளாறு, சொன்னபோது கடை என்ன செய்தது, இவை போதும். "சனி இரவு 8.45, நெஞ்சுக்கறி பர்கர், 35 நிமிடம் காத்திருப்பு, நடுவில் வேகவில்லை, மாற்றித் தந்தார்கள்" என்ற ஒற்றை வரி, அடுத்து அங்கே போகிறவருக்கும் கடைக்காரருக்கும் ஒருசேர உதவும்.

மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வருவதென்றால்

முழு பர்கரை அப்படியே பெட்டியில் மூடாதீர்கள். இலையையும் தக்காளியையும் எடுத்துப் போட்டுவிட்டு, பேட்டியைத் தனியாக, பன்னைத் தனியாகக் காகிதத்தில் சுற்றச் சொல்லுங்கள். மயோனைஸ் தடவிய பகுதியை வழித்துவிடுங்கள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். அதற்கு மேல் காரிலேயே கிடந்தால் விட்டுவிடுவது மேல்.

மறுநாள் தோசைக்கல்லை மிதமாகக் காயவைத்து பேட்டியைப் போட்டு, ஓரத்தில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, மூடி போட்டு இரண்டு நிமிடம். தொட்டால் கை சுடும் அளவுக்கு உள்ளே சூடு ஏறியிருக்க வேண்டும். பொரித்த கோழிக்குத் தண்ணீர் வேண்டாம், மூடியும் வேண்டாம், சிறு தீயில் திருப்பித் திருப்பி நான்கைந்து நிமிடம். கல்லிலிருந்து கறியை எடுத்ததும் அதே கொழுப்பில் பன்னின் வெட்டுமுகம் படும்படி ஒரு நிமிடம் வையுங்கள். கடையில் வெள்ளையாக வந்த பன் இப்போதாவது பொன்னிறமாகும்.